மயினியின் கார்டும் சூடான சுவரும்

பக்கத்துத் தகட்டைக் கழற்றிப்போட்ட கம்ப்யூட்டர், அதற்கு நேரே திருப்பிவைத்த மேசை விசிறி. மயினியை நினைத்தால் எனக்கு முதலில் இந்த இரண்டும்தான் கண்ணுக்குள் வரும். என் அண்ணன் பெண்டாட்டி அவள். தாராவியில் எங்கள் வீட்டு மேல்தட்டில், நிமிர்ந்தால் தகரம் தலையில் இடிக்கும் இடத்தில் உட்கார்ந்து அனிமேஷன் செய்தாள். கல்யாண வீடியோவில் பூ விழ வைப்பதில் ஆரம்பித்தவள், தானே பழகி, திரையில் மனிதர்களை நடக்க வைக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். பொழுதுபோகாமல் செய்கிறாள் என்று சொன்னவர்களில் ஒருவர்கூட ஏணியில் ஏறி வந்து அதைப் பார்த்ததில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஐரோலியில் ஒரு ஸ்டூடியோ ஆள் எடுத்தது. சின்னப் படம் ஒன்று செய்து திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். அண்ணன் முன்பே சொல்லிவிட்டான்: "இதான் கடைசி. இதுலயும் ஒண்ணும் நடக்கலன்னா மெஷினை வித்துட்டு பை தைக்கப் போ." மயினி தன் பங்கு வேலையை முடித்துவிட்டாள். ஒவ்வொரு படமாக வரைந்து வெளியே தள்ளுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. அதுவோ பழைய கார்டு. அதன் போக்கில் விட்டால் திங்கள் தாண்டிவிடும். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே கார்டை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். அதைச் செய்வது என்று முடிவெடுத்தாள்.

இணையத்தில் இதைப் பற்றிப் பேசுகிற பாதிப் பேர் மடையர்கள். எல்லாவற்றையும் கடைசிவரை இழு என்பார்கள். கருகினால் அவர்கள் கார்டா கருகப்போகிறது? அண்ணனும் ஒருவன் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏளா, ஒரேயடியா ஏத்திவிடு, பாத்துக்கிடலாம்" என்றான்.

"நின்னா ஒதைச்சு எடுக்க இது ஒங்க பைக்கா? ஏத்துனது அதுக்கு ஒத்துக்கிடுதான்னு பாக்க வேண்டாமா?"

முதலில் தூசியைத் தட்டினாள். சிப்பின் மேல் காய்ந்திருந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினாள். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவாள்; கடுமையான சோதனை ஒன்றை ஓடவிட்டு, வெப்பம் எவ்வளவு, திரையில் புள்ளி விழுகிறதா என்று பார்ப்பாள்; பிறகுதான் அடுத்த கொஞ்சம். வோல்டேஜில் கையே வைக்கவில்லை. புள்ளி விழுந்ததும் அங்கிருந்து கீழே இறக்கி நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை மதியம் முழுக்கச் சோதித்ததில் ஒரு தடங்கலும் இல்லை; படத்தை ஓடவிட்டாள்.

ஆனால் சனிக்கிழமை விடிகாலை திரை உறைந்து நின்றது. ஞாயிறு விடிகாலையும் அப்படியே. அண்ணன் கரண்டைத் திட்டினான், பிறகு கண்ணு பட்டுவிட்டது என்றான், கடைசியில், "கார்டு செத்துட்டு, யாராச்சும் கேட்டா குடுத்துருவோம்" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனை ஏணியிலிருந்து தள்ளியிருப்பேன்.

மயினி சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவள் உடனே முதுகை எடுத்தாள். சுவர் கொதித்தது.

பக்கத்து வீட்டில் இட்லி அவிக்கிறார்கள். மாட்டுங்கா, சயான் தெருக்களுக்கெல்லாம் சைக்கிளில் போகிற இட்லி அது. விடிவதற்கு முன்பே அடுப்புகள் எரியும். மதியம் அந்த வீடே தூங்கும். ஊருக்கெல்லாம் மதியம் உச்சி வெயில் என்றால் எங்கள் மேல்தட்டுக்கு விடிகாலைதான் உச்சி. இத்தனை வருஷம் அந்த ஆவியிலேயே புழுங்கியும் எங்களுக்கு அது உறைக்கவில்லை.

"அவ்வோ தூங்குத நேரமாப் பாத்து சோதிச்சிருக்கோம் பாரு," என்று மயினி சிரித்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவள், "எங்க அடுப்பு ஒன் பொட்டியவும் சேத்து அவிச்சிட்டாக்கும்?" என்றாள்.

அதுவரை கார்டு வரைந்து முடித்த படங்கள் பத்திரமாக இருந்தன. திங்கள் விடிகாலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது: "ஏம்மா, அடுப்பு பத்த வைக்கேன், மெதுவா ஓட்டு!" மயினி வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கினாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டதும் மறுபடி ஏற்றினாள். கார்டு நிற்கவே இல்லை. மதியம் வேலை முடிந்து, படம் ஐரோலிக்குப் போய்ச் சேர்ந்தது.

சில நாள் கழித்து போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. அண்ணன் தொண்டையைக் கனைத்தான். "ஐரோலிக்கு தாணேல வண்டி மாறணும். மொத நாள் கூட வரட்டா?"

"வாங்க. ஆனா ஆபீஸ் வாசல்ல நின்னு மெஷின் விக்கிறதுக்கு இருக்குன்னு சொல்லிராதீங்க."

இன்றைக்கும் காலையில் எங்கள் வீட்டிலிருந்து முதலில் கிளம்புவது மயினிதான். அண்ணன் டிபன் கட்டிக் கொடுக்கிறான். பாதி நாள் உப்புப் போட மறக்கிறான்; அதற்கு நான் திட்டுகிறேன். அவள் மட்டும் அந்த டப்பாவைக் காலி செய்துதான் கொண்டுவருகிறாள்.