அஸர் வரை ஒரு ஹார்ட் டிஸ்க்

சாய்ந்தமருது முபீனுக்கு ஒரு கதிரையில் பத்து நிமிடம் இருக்க வராது. கணினி திருத்துகிறவன். வேலை கையில் இருந்தாலும் கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். சுனாமி கடையைக் கொண்டுபோன பிறகு கல்முனையில் மச்சானின் கராஜில் மேசை போட்டிருந்தான். வாசலில் நனைந்த கணினிகளோடு எப்போதும் கூட்டம்.

2005 மார்ச்சில் ஒரு காலை ஹப்ஸா வந்தாள். அவள் கணவன் பக்கீர் முகைதீன் அலையோடு போனவன், மையித்துக் கிடைக்கவில்லை. மவுத்து உறுதியென்றால் அவன் போன நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், விதவைக்குரிய இத்தாவில் வீட்டோடு இருக்கலாம். உறுதியில்லாமல் முகாம் முகாமாகத் தேடித் திரிந்தாள். அடக்குவதற்கு முன் மையித்துகளைப் படமெடுத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கை நிவாரணக்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

அது அப்பிள் கணினியில் எழுதியது. முபீனிடம் இருந்தது லினக்ஸ். அதன் மையநிரலான கேர்னலில் அப்பிள் கோப்புமுறைக்கு இடமிருந்தாலும், ‘பரிசோதனை நிலை’ என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. டிஸ்க் திறந்தது, வாசிக்க மட்டும். முறையாகக் கழற்றப்படாத டிஸ்க், எழுத விடமாட்டேன் என்றது கேர்னல். பழைய படங்கள் வந்தன. கடைசியாக எடுத்தவை கோப்புப் பட்டியலில் இல்லை. கட்டாயப்படுத்தி எழுதத் திறந்தால் பட்டியலைத் திருத்திவிடலாம் என்று முபீனுக்குப் பட்டது. முதலில் பிரதி எடுப்பதுதான் ஒழுங்கு. அதற்குப் பகல் முழுக்க, பின்னேர அஸர் தொழுகை வரை, போகும். விரல் துடித்தது.

“இதால படம் அழியுமா தம்பி?” என்றாள் ஹப்ஸா.

“அழியாது. அழியவும் கூடும், ராத்தா.”

“நான் மூணு மாசம் பொறுத்திட்டன். உனக்கு அஸர் மட்டுக்கும் பொறுக்கேலாதா?”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். முபீன் பிரதி எடுத்தான். கராஜுக்குள் நடந்து நடந்து தரை தேய்ந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்து, பிரதியைக் கட்டாயப்படுத்தித் திறந்து கை வைத்தான். பட்டியலே முழுதாகப் போயிற்று. பழைய படங்களும் இல்லை. அசல் டிஸ்க் மேசையில் பத்திரமாக இருந்தது.

பட்டியலைக் கைவிட்டான். கோப்புமுறையிடம் எதையும் கேட்காமல், அசல் டிஸ்க்கில் ஒன்றும் எழுதாமல், அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தான். படம் தொடங்கும் அடையாளம் கண்ட இடமெல்லாம் வெட்டியெடுக்க ஒரு சிறு நிரல் போதுமாக இருந்தது.

பள்ளிவாசல் முற்றம் திரையில் வந்தது. ஹப்ஸா முகங்களைப் பார்க்கவில்லை, சட்டைப் பைகளைப் பார்த்தாள். அலை வந்த அன்று காலை கணவனின் கிழிந்த பையைப் பச்சை வலைநூலால் அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

“ஓம். இவருதான்.”

முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். “இத்தாவில மிச்சமிருக்கிற நாளையாவது இரிக்கணும். ஆம்பிளையள் நிக்காத வழியொண்டு இரிக்கா?”

கராஜுக்குப் பின்கதவு இல்லை. முபீன் வெளியே போய் எல்லோரையும் நாளைக்கு வரச் சொன்னான். காலையிலிருந்து காய்ந்த ஒருவர் ஏசிக்கொண்டே கணினியைத் தூக்கினார். தெரு வெறிச்சோடும்வரை முபீன் வாசலிலேயே நின்றான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, “போங்க ராத்தா” என்றான்.