கடைசிப் பாட்டில் பெரியப்பாவின் குத்தூசி

எங்கள் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில், கடைசிப் பாட்டின் நடுவே எல்லா வாத்தியங்களும் ஒரே அடியில் நின்றுபோகும் ஓர் இடம் உண்டு. அந்த அமைதியில் ‘சரக்’கென்று ஒரு சத்தம். பின்னாலேயே ‘கடுக்’கென்று இன்னொன்று. பிறகு ஒரு கனத்த குரல், “காஞ்சிருக்கு, ஏத்துங்கப்பா” என்கிறது. அது என்ன கருவி என்று கேட்காதவர் இல்லை. குத்தூசி. நெல் மூட்டையில் செருகி மாதிரி எடுக்கும் ஊசி. அடுத்த சத்தம், காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கடித்த நெல் பல்லில் உடைவது. இரண்டையும் வாசித்தவர் என் பெரியப்பா.

பெரியப்பா தஞ்சாவூரில் நெல் வியாபாரி. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவை நடத்துகிறவர். போஸ்ட்-பங்க் ராக் இசை என்று நாங்கள் போட்ட சத்தத்தை ஒருநாள் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாட்டு எப்ப பாப்பா ஆரம்பிக்கும்?” என்றார். ஆனாலும் எங்கள் ஒலிப்பதிவுக்குக் குடோனைத் திறந்துவிட்டார். கூரை வரை அடுக்கிய மூட்டைகள் எதிரொலியை அப்படியே விழுங்கின. எந்த ஸ்டுடியோவுக்கும் கிடைக்காத ஒலி அது. நெல் சுணை பட்டு உடம்பெல்லாம் அரித்தது தனிக் கதை. என் குரலில் இருக்கும் ஆவேசத்தைப் பாராட்டி ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினார். ஆவேசமாவது ஒன்றாவது, அத்தனையும் அரிப்பு!

நான் பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசித்தேன். கிட்டாருக்கு என் கல்லூரித் தோழி. டிரம்ஸுக்குக் கூத்தாநல்லூர்ப் பையன். வளைகுடாவில் வேலை கிடைத்து, ஒலிப்பதிவின் கடைசி நாளன்று மாலை விமானம் ஏற வேண்டியவன். ஒரே ஒரு பாட்டு பாக்கி. அந்தக் காலைப்பொழுது பார்த்தா லாரி வந்து நிற்க வேண்டும்? மூட்டைகள் போனால் குடோன் கிணறு மாதிரி எதிரொலிக்கும். டிரம்மர் போனால் குழுவே இல்லை. பெரியப்பாவிடம் கெஞ்சினேன். “மில்லுல காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. சரி சரி, அழுவாத. முடிச்சுட்டுச் சொல்லு” என்று லாரியை நிறுத்திவைத்தார்.

முதல் முறை நான் தும்மினேன். இரண்டாம் முறை லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். மூன்றாம் முறை, அடடா, அப்படி ஒரு வாசிப்பு எங்களுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அந்த அமைதி வந்தது. மூட்டையோரம் நின்றிருந்த பெரியப்பா பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் குத்தூசியைச் செருகினார். டிரம்மர் பதறாமல் தொடர்ந்து வாசித்து முடித்து, குச்சிகளை என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டான். “அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கக் கூடாதா பெரியப்பா?” என்று நான் கத்தினேன். “நின்னுட்டீங்களே, முடிஞ்சுதுன்னு நெனச்சேன்மா” என்றார் பாவமாக. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு மாதம் அந்த இடத்தை வெட்டிப் பார்த்தேன், ஒட்டிப் பார்த்தேன். எப்படி எடுத்தாலும் பாட்டு நொண்டியது. வேறு வழியில்லாமல் அப்படியே வெளியிட்டோம். பார்த்தால், எல்லாருக்கும் பிடித்தது அந்த ஓர் இடம்தான்.

போன வாரம் யாரோ பெரியப்பாவின் காரில் அந்த ஆல்பத்தைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். உடனே போன் வந்தது. “பாப்பா, நான் பேசுற எடத்த மட்டும் எடுத்துடும்மா. மானம் போவுது.”

“ஏன் பெரியப்பா?”

“அந்த லோடு மில்லுலேர்ந்து திரும்பி வந்துடுச்சு. ஈரம். என் வாழ்க்கையிலயே திரும்பி வந்த லோடு அது ஒண்ணுதான். வெளிய யார்கிட்டயும் மூச்சு விடல.”

பெரியப்பா பல்லில் கடித்துச் சொன்னால் ஈரம் பார்க்கும் மெஷினே மறுத்துப் பேசாது. எப்படித் தவறியது என்று கேட்டேன்.

“உன் பாட்டுல லயிச்சுப் போயி நின்னுட்டேன்மா. அதே நெனப்புலதான் நெல்லக் கடிச்சேன்.”

முடியாது பெரியப்பா, எடுக்க மாட்டேன் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அந்தப் பாட்டைப் போட்டேன். சரக். கடுக். “காஞ்சிருக்கு, ஏத்துங்கப்பா.”

காயவே இல்லை.