வெள்ளிக்கிழமை மீன் சட்டம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டில் சூடை மீன் பொரிக்கிற வாசம் வந்தால் எனக்கு அமெரிக்க அரசியலமைப்புத்தான் நினைவுக்கு வரும்.

சின்ன வயதில், அப்பா துறைமுக வேலை முடிந்து வந்ததும் அமெரிக்க ஜனாதிபதி ஒருவரைப் பற்றிய தொடர்நாடகத்தை சீடியில் போடுவார். அக்கா தமிழில் சொல்லச் சொல்ல நானும் தம்பியும் வாய் பிளந்து பார்ப்போம். ஜனாதிபதி மறுத்த சட்டத்தையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கிருந்தால் நிறைவேற்றலாம் என்று அதில்தான் அறிந்தோம்.

எங்கள் வீட்டில் வெள்ளியில் மரக்கறிதான். வெள்ளியிலும் மீன் வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தோம். வீட்டு ஜனாதிபதியான அம்மா "ஏலாது" என்றா. திரும்பவும் வாக்கெடுத்தோம். அப்பாவும் அம்மாவின் முகத்தைப் பாராமல் கை தூக்கினார். சட்டம் நிறைவேறியது.

குசினி வாசலில் நின்றே அந்தத் தொடர்நாடகம் முழுவதையும் பார்த்திருந்த அம்மா சிரித்தா. "சட்டம் போடுறது உங்கட வேலை. நடைமுறைப்படுத்துறது ஜனாதிபதிட வேலை. வந்து பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிடுங்கோ."

இன்றைக்கும் அந்த வாசம் வந்தது. இன்றுவரை வெள்ளி விரதம் விடாத அம்மா, கதிரையில் இருந்தபடி மெல்ல மூக்கை உயர்த்தினா.

"மகன், அந்தச் சட்டத்தை ஒருத்தரும் ரத்துச் செய்யேல்லைத்தானே?"