கியர் போடும் கை

என் சின்னம்மா நவமணி துப்பாக்கி பிடிக்க ஆரம்பித்தது ஒரு கரடி பொம்மைக்காக.

சுங்கை சிப்புட் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பலூன் சுடும் கடை ஒன்று வரும். ஐந்து வருடத்துக்கு முன்னால், சின்னம்மா ஓட்டும் பள்ளிக்கூட வேனில் வருகிற ஒரு பாப்பா அந்தக் கடை முன்னால் நின்று கரடி வேண்டும் என்று அழுதது. அதன் அம்மா காய்கறிக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சின்னம்மாவின் வலது கையில் சூடான மீன் கேரோப்போக் பொட்டலம், சாஸ் வழிந்துகொண்டிருந்தது. கீழே வைக்க இடமில்லை. அதனால் துப்பாக்கியைப் பலகைமேல் சாய்த்து, இடது கையாலேயே சுட்டார். கரடி வந்தது. அப்புறம் முயல் வந்தது, யானை வந்தது. ஆறாவது பொம்மைக்குக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "சூக்கோப் லா காக், போதும் லா," என்றார்.

பக்கத்தில் ஆப்பம் வாங்கிக்கொண்டிருந்த சதாசிவம் சார் இதைப் பார்த்துவிட்டார். சார் போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கிளப்பில் காற்றுத் துப்பாக்கி சுடச் சொல்லித் தருகிறார். "ஞாயித்துக்கெழம வாம்மா," என்று கூப்பிட்டார். சின்னம்மா போனார்.

முதல் நாளே சார் கேட்டார்: "நீ வலது கையா, இடது கையா?"

"வலதுதான் சார்!"

'நீ திருடியா' என்று கேட்டால் எவ்வளவு வேகமாக இல்லை என்று சொல்வோமோ, அந்த வேகம். சார் நம்பிவிட்டார். கிளப் துப்பாக்கியை நீட்டினார். சின்னம்மா பயபக்தியோடு வலது கையால் வாங்கி, வலது தோளில் வைத்துக்கொண்டார்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். என் பெயர் தினேஸ்வரி. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அம்மா ஜொகூரில் வேலை பார்ப்பதால் ஐந்து வருடமாகச் சின்னம்மா வீட்டில்தான் இருக்கிறேன். யாராவது பார்த்தால் சின்னம்மா வலது கையால் வெங்காயம் நறுக்குவார். அது கிழங்கு மாதிரி பெரிது பெரிதாக விழும். யாரும் பார்க்கவில்லை என்றால் இடது கையால் நறுக்குவார். முடி மாதிரி விழும். பல்லி பொம்மையை நான் தூக்கிப் போட்டால் இடது கைதான் முதலில் பாய்ந்து பிடிக்கும். எத்தனை தரம் போட்டிருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

அந்த இடது கைக்கு ஊர் அறிய ஒரே ஒரு வேலைதான். கியர் போடுவது. வேனை அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள், சின்னம்மா என்ன செய்வார்?

இரண்டு வருடம் கிளப்பில் சுட்டார். அறுபது குண்டு, அறுநூறு புள்ளி, பத்து மீட்டர் தூரம். நடுப்புள்ளி பேனா முனையை அழுத்தி வைத்த அளவு. மாநிலத் தேர்வுக்கு அனுப்ப கிளப் போட்ட கோடு 580. சின்னம்மா 561-ஐத் தாண்டவே இல்லை. முப்பது குண்டுக்கு மேல் வலது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். யாராவது கேட்டால், "துப்பாக்கி பழசு லா," என்பார்.

அதனால் சொந்தத் துப்பாக்கி வாங்க முடிவு செய்தார். காலையில் பள்ளிக்கூட நடை முடிந்ததும் தொழிற்சாலை ஆட்களுக்கு இன்னொரு நடை ஓட்டினார். இரண்டு வருடம். இதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே காற்றுத் துப்பாக்கியானாலும் போலீஸ் பெர்மிட் வேண்டும். சாருக்குத் தெரிந்த வரையில், எந்தத் துப்பாக்கியோ அதன் நம்பர் பெர்மிட் கேட்கும் பாரத்தில் ஏறும். ஏறிவிட்டால் அதுதான் துப்பாக்கி. மாற்றிக் கேட்டு ஓடுவதற்குள் எனக்குப் பிள்ளை பிறந்து அதுவும் பள்ளிக்கூடத்தை விட்டுவிடும். தப்பான துப்பாக்கியை எழுதினால், 580 என்பதைச் சின்னம்மா மறந்துவிட வேண்டியதுதான்.

தேர்ந்தெடுக்கும் ஞாயிறு வந்தது. ஈப்போவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் மீரா சாஹிப் அண்ணன், பெர்மிட் தாளெல்லாம் கட்டிக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடு கிளப்புக்கு வந்தார். மேசைமேல் துணி விரித்துத் திறந்தார்.

முதல் துப்பாக்கி மரக்கட்டை போட்டது. வால்நட் மரம், வரி வரியாக, எண்ணெய் தேய்த்துக் குளித்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பிடியும் கன்னம் வைக்கிற இடமும் வலது கைக்காரர்களுக்கென்றே செதுக்கியது. மாற்ற முடியாது.

இரண்டாவது அலுமினியம். எங்கே பார்த்தாலும் திருகாணி. தோள் பக்கம், கன்னம் பக்கம், கைக்குக் கீழே, எல்லாவற்றையும் ஏற்றி இறக்கலாம். விசையின் கனத்தைக்கூடக் குறைக்கலாம். பார்ப்பதற்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கால் உடைந்தவருக்குக் கொடுக்கும் ஊன்றுகோல்.

"தங்கச்சி, ரெண்டும் ஒசத்தி சாமான்," என்றார் மீரா சாஹிப் அண்ணன். "காத்து சிலிண்டர் தேதிய மட்டும் பாத்துக்க. பத்து வருஷம். அதுக்கு மேல அடைக்கக் கூடாது. நா புதுசுதான் கொண்டாந்துருக்கேன். மரம் அழகு. ஆனா என் மச்சான் மாதிரி, ஒருக்கா உக்காந்தா நகராது. இந்த அலுமினியம் நீ சொல்றத கேக்கும்."

"மரந்தான் அண்ணே," என்றார் சின்னம்மா. இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சுட்டுப் பாத்துட்டு சொல்லும்மா," என்றார் சார். "கல்யாணத்துக்கே பொண்ணு பாக்குறோம்."

சின்னம்மா உடுப்பை மாட்டினார். இந்த விளையாட்டுக்குக் கித்தான் துணியில் விறைப்பான கோட்டும் கால்சட்டைச் சிலுவாரும் உண்டு. அதைப் போட்டால் முழங்கால் மடங்காது. அடிப்பகுதி தட்டையான பூட்ஸ் வேறு. சின்னம்மா நடந்து வருவதைப் பார்த்தால் ஃபிரிஜ்ஜைத் தள்ளிக்கொண்டு வருவது மாதிரி இருக்கும். தலையில் ஒரு பட்டை. அதிலிருந்து வெள்ளை பிளாஸ்டிக் துண்டு ஒன்று இடது கண்ணுக்கு முன்னால் தொங்கும். குறி பார்க்காத கண்ணை மறைக்க.

மரத் துப்பாக்கியில் இருபது குண்டு சுட்டார். ஒன்பது, பத்து, ஒன்பது, எட்டு. கண்ணைத் துடைத்தார். ஒன்பது, எட்டு.

"பழகிட்டா சரியாயிரும்," என்றார். குரலில் சத்தியம் இல்லை. "பாரத்த குடுங்க."

"அதையும் ஒரு பேச்சுக்கு சுட்டுரு," என்றார் சார். மீரா சாஹிப் அண்ணன் ஊன்றுகோலின் திருகாணிகளை நடுவாக வைத்துக் கொடுத்தார். சின்னம்மா தலைப்பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

பட்டை என் பக்கத்தில் கிடந்தது. அந்தப் பிளாஸ்டிக் துண்டு ஒரு கிளிப்பில்தான் நிற்கிறது. நான் அதை எடுத்து வலது கண் பக்கம் மாட்டி வைத்தேன். விளையாட்டுக்குத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

சின்னம்மா வந்து பட்டையைக் கட்டிக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தார். வலது கண்ணுக்கு எதிரே வெள்ளைச் சுவர்.

"தினா!"

கிளப்பே திரும்பியது. சின்னம்மா துப்பாக்கியை இறக்கினார்.

"கழுத! வெளையாடுற எடமா இது?"

"குண்டு போடலல்ல சின்னம்மா. கண்ணு மாறிப் போச்சு. கையையும் மாத்திக்கிட்டா தெரியும் லா."

"அந்தப் புள்ளைய வெளிய அனுப்புங்க சார்!"

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. அன்னிக்கு பாசார் மாலாம்ல கரடிய புடிச்சது என்னமோ ஆவி போல."

சின்னம்மாவின் மூக்கு விடைத்தது. அந்த மூக்கு விடைத்தால் வேனில் பதினாறு பிள்ளைகளும் பெல்ட் போட்டுவிடுவார்கள்.

"ஒன் வாய மூடறதுக்கு அஞ்சு குண்டு," என்றார். "அதுக்கப்புறம் நீ நடந்து வா சுங்கை சிப்புட்டுக்கு."

துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினார். பிடி வலது கைக்கானது, கோணலாக உறுத்தியிருக்கும். ஆனால் கன்னம் போய் உட்கார்ந்த விதம் இருக்கிறதே, சொந்தத் தலையணையைக் கண்ட மாதிரி. ஐந்து குண்டு. நடுவில் கண்ணைத் துடைக்கவே இல்லை.

சார் கயிற்றை இழுத்துக் குறி அட்டையை வரவழைத்தார். ஐந்து ஓட்டைகள் இல்லை. ஒன்றுதான், கொஞ்சம் கிழிந்த ஒன்று. நடுவில்.

சார் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சின்னம்மாவைப் பார்த்தார். "நவமணி. மொத நாளு நா ஒங்கிட்ட ஒண்ணு கேட்டேன்ல?"

சின்னம்மா ஃபிரிஜ் மாதிரி அப்படியே நின்றார். பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தோட்டத்துல, புள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போற ஆயாக்கொட்டகைல சோறு போடறப்ப, என் எடது கைய துண்டால இடுப்போட சேத்துக் கட்டிருவாங்க சார். பள்ளிக்கூடத்துல ரூலர். பீச்சாங்கை பீச்சாங்கைன்னே என்னைக் கூப்புடுவாங்க. பேரே மறந்துருச்சு எல்லாருக்கும்."

நான் பல்லி பொம்மையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன். 

மீரா சாஹிப் அண்ணன் ஊன்றுகோலின் பிடியைத் தொட்டுக் காட்டினார். "தங்கச்சி, இந்த சாமானுக்கு பிடிய மட்டும் கழட்டி எடது கைப் பிடி மாட்டலாம். நம்பர் மாறாது. பாரத்துல எந்தக் கைன்னு போலீஸு கேக்கவே இல்ல."

"அதில்லண்ணே. இவ்ளோ வெல குடுத்து ஒரு சாமான் வாங்கி, அத எடது கையால தொட்டு எடுத்தா வெளங்குமா? சாமி முன்னாடி வெச்சு எடுக்க வேணாமா?"

  சின்னம்மாவின் கண் மறுபடி மரத் துப்பாக்கிக்குப் போனது.  பேனாவும் பாரமும் மேசைமேலேயே இருந்தன.

"கியரு?" என்றேன்.

"என்னா கியரு?"

"ஒம்போது வருஷமா அந்தக் கையாலதான கியர் போடறீங்க. பதினாறு புள்ளைங்க. ஒண்ணுக்காவது ஒரு கீறல் பட்டுருக்கா? வெளங்காத கைன்னா அவங்க அம்மாங்களுக்கு சொல்லிருவோம். நாளைக்கு எல்லாரும் நடந்து போவட்டும்."

சின்னம்மா என்னையே பார்த்தார். அப்புறம் தன் இடது கையைப் பார்த்தார். திருப்பி உள்ளங்கையையும் பார்த்தார். யாரோ தெரிந்தவர் கை மாதிரி.

போய் மரத் துப்பாக்கியை ஒரு தரம் தடவிக் கொடுத்தார். "மன்னிச்சுக்கப்பா, வேற நல்ல எடம் அமையும்," என்று அதனிடம் சொல்லிவிட்டு மேசைக்கு வந்தார்.

"அந்த ஊணுகோலையே எழுதுங்கண்ணே."

கையெழுத்தை மட்டும் வலது கையால் போட்டார். மாற்றினால் பேங்கில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பி வரும்போது என்னை வேனில் ஏற்றிக்கொண்டார்.  வழியில் ஓர் அடிகூட விழவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம்.

பெர்மிட் வர நான்கு மாதம் ஆனது. துப்பாக்கி வந்ததும் விபூதி பூசிக் கற்பூரம் காட்டினார். குறி பார்க்கும் ஓட்டையில் சந்தனம் வைக்கப் போனவரை சார் பாய்ந்து தடுத்தார். இடது கையில் முதல் மாதம் 548 வந்தது. "பாத்தியா, சாமிக் குத்தம்," என்றார். இரண்டாவது மாதம் 569. அப்புறம் சாமியைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் வெங்காயம் என் கண் முன்னாலேயே முடி மாதிரி விழ ஆரம்பித்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

போன ஞாயிறு கிளப்பில் தேர்வு. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். என் பையில் பல்லி பொம்மைகூட இல்லை. அறுபதாவது குண்டு முடிந்து, அட்டைகளை எல்லாம் கூட்டி, சார் ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார்: 581.

சின்னம்மா கதவைத் திறந்துகொண்டு, முழங்கால் மடங்காமல், நேராக என்னை நோக்கி வந்தார். கட்டிப்பிடிப்பார் போல என்று கையை விரித்தேன்.

நடு மண்டையில் ஒரு குட்டு.

"அது அன்னிக்கு கண்ண மறைச்சதுக்கு," என்றார்.

இடது கை. குறி கொஞ்சம்கூடத் தப்பவில்லை.