சுருட்டி வைத்த ஏணி

இன்று காலை என் மகன் தன் புதுப் படகின் விளிம்பில் கயிற்று ஏணியைக் கட்டினான். அலை வந்து ஆட்ட, மரப்படிகள் படகில் மோதும் சத்தம் டொக் டொக்கென்று கேட்டது. என் சிறு வயதில் நுரைச்சோலைக் கரையில் வாப்பாவின் தோணியிலும் ஓர் ஏணி இப்படித்தான் தட்டிக்கொண்டு கிடக்கும்.

வாப்பாவுக்கு ஏணியில் விருப்பமே இல்லை. உம்மாதான் விடவில்லை. "தனியாப் போறீங்க. விழுந்தா எப்படி ஏறுவீங்க?" என்று சோறு வைக்கும்போதெல்லாம் கேட்பார். கடைசியில் வாப்பா பூவரசங் கட்டைகளைத் தும்புக் கயிற்றில் கோர்த்து ஓர் ஏணி செய்தார். புதுக் கயிற்றின் வாசம் வீடெல்லாம் நின்றது. கரையில் நாங்கள் அதில் ஏறி ஏறிக் குதிப்போம். ஆனால் கடலில் இறங்கியதும் வாப்பா அதைச் சுருட்டி உள்ளே போட்டுவிடுவார்.

"தட்டுற சத்தத்துக்கு மீன் நிக்காது" என்பார்.

ஒருநாள் வெறுந்தோணியை வேறு ஆட்கள் இழுத்து வந்தார்கள். வெளிப்பக்கப் பெயின்ட் முழுக்க நகக்கீறல். ஏணி உள்ளே சுருட்டியபடி கிடந்தது. உம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நனையவே இல்ல" என்றார். அவ்வளவுதான்.

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் மகனும் ஏணி வாங்கினான்.

"இதத் தொங்கவே விடணும், மகன்" என்றேன்.

"ஓம் உம்மா."

படகைத் தள்ளினான். டொக் டொக் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. இன்ஜினைப் போடுமுன்பே அது நின்றுவிட்டது. நான் கரையில் நின்று பார்த்தேன். அவன் குனிந்து ஏணியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.