முள் அசையாத கார்

பதினான்கு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருபத்தாறு வருடமாக ஜெனரேட்டர் பார்க்கிறவரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டமாரம் என்றால்தான் தெரியும். டீசல் இன்ஜினோடு காலம் தள்ளியதில் இடது காது முழுக்கப் போய், வலது காது பாதி போய்விட்டது. அவர் நலம் விசாரித்தாலே சண்டைக்கு வருவது போல இருக்கும்.

வேலையில் ஆள் கெட்டி. கரண்ட் போகிறதோ இல்லையோ, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் ஓட்டியே தீருவார். சும்மா போட்டு வைத்த இன்ஜின் வேண்டிய நேரத்தில் காலை வாரிவிடும் என்று புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கத்திச் சொல்வார்.

வேலை நேரம் போக மிச்ச நேரமாவது காது நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் அந்த எலக்ட்ரிக் காரை வாங்கினார். சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். பேட்டரி இறங்கினால் கரண்ட் எடுத்துக் கொடுக்க மட்டும் பின்பக்கம் ஒரு குட்டிப் பெட்ரோல் இன்ஜின்.

"அப்ப இங்கயும் ஒரு ஜெனரேட்டரா?" என்று மனைவி சிரித்தபோது முறைத்தார். வாங்கிய அன்று டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டதோடு சரி. ஒன்றரை வருடம் வீட்டு சார்ஜிலேயே ஓட்டினார். பெட்ரோல் முள் இம்மியும் அசையவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுவார். மாதம் ஒருமுறை, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டவா என்று காரின் திரை கேட்கும். 'பிறகு' என்பதைத் தொட்டுவிடுவார்.

அவருக்கு ஒரே அக்கா. இரண்டு வருடம் முன்பு சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "டமாரத்துக்கிட்ட என்ன யோசனை கேக்குறீங்க? அவன் காதுல என்ன விழப்போகுது?" என்று அக்கா விளையாட்டாகச் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஊரார் வைத்த பெயர் அக்கா வாயிலும் வந்ததுதான் அவருக்குச் சுருக்கென்றது. "இனிமே உன் குரலே என் காதுல விழ வேணாம்" என்று எழுந்து வந்தவர், அதன்பின் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, அம்மாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தொண்டையில குழாய் போடணுமாம். போட்டா பேச முடியாது. அதுக்குள்ள வந்துடுங்க."

போனை அக்காவிடம் கொடுத்தான். ஆக்சிஜன் இரைச்சலைத் தவிர இவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மனைவி வாங்கிக் கேட்டாள்.

"என்ன சொல்றா?"

"'நேர்ல வரச் சொல்லு, அவன் காதுக்கிட்ட சொல்றேன்'னாங்க அண்ணி."

ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். பாதி பேட்டரி தீரும்போது சாலையோரம் ஒரு சார்ஜிங் நிலையம் வந்தது.

"ரெண்டு இடம் காலியா இருக்குங்க. கொஞ்சம் போட்டுக்கலாமே."

"முக்கால் மணி நேரம் போயிடும். இன்ஜின் எதுக்கு இருக்கு, ஷோகேஸ்ல வைக்கவா?"

"இத்தனை நாளா அதைத்தானே பண்ணீங்க?"

இன்னும் எண்பது கிலோமீட்டர் போனதும் இன்ஜின் தானாக எழுந்தது. காதில் விழுவதற்கு முன்பே முதுகில் உணர்ந்தார். ஒரு உதறல், ஒரு இருமல், பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் எழுந்து மறுபடியும் செத்தது. திரை சிவந்தது. கார் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கி, ஒருவழியாக ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றபோது மணி பதினொன்று.

மெக்கானிக் கொஞ்சம் பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்து மோந்து பார்த்தான்.

"சார், இது பெட்ரோலா, வார்னிஷா? எப்பப் போட்டது?"

"வண்டி வாங்கின அன்னிக்கு" என்றாள் மனைவி.

"அப்பப்ப ஓட்ட வேணாமா? உள்ள பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. சார் என்ன வேலை பாக்குறாரு?"

அவருக்கு நன்றாகவே கேட்டது. கேட்காதது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜெனரேட்டர் ஆப்பரேட்டர்" என்றாள் மனைவி, தாழ்ந்த குரலில்.

மெக்கானிக் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, "அரை மணி நேரம் குடுங்க" என்றான்.

எதிரிலேயே பஸ் நிறுத்தம். "வண்டி கிடக்கட்டுங்க, பஸ்ல போயிடலாம்" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். அரை மணிதானே என்றார். பன்னிரண்டு மணிக்கும் அதையேதான் சொன்னார். இன்ஜின் இதோ பிடிக்கப்போகிறது, இதோ பிடிக்கப்போகிறது என்று காத்து நின்றே பழகிய மனிதர். கண் முன்னால் மூன்று பஸ் போயிற்று. டேங்கைக் கழுவி, குழாய்களைச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றி இன்ஜின் சீராகப் பிடித்தபோது மணி இரண்டரை. இன்னும் பாதிக்கு மேல் தூரம் கிடந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. ஓரங்கட்டி வலது காதில் அழுத்திப் பிடித்தார். பின்னாலிருந்து இன்ஜின் இரைந்தது. பதறிப்போய்த் திரையில் தடவித் தடவி அதை அணைப்பதற்குள், மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்" என்று அவர் காதருகே சொன்னாள். "'வந்துட்டானா, வந்துட்டானா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்."

இருட்டியபின் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா வாயில் குழாய், முகமெல்லாம் பிளாஸ்திரி. மயக்க மருந்தில் கிடந்தாள். கட்டிலருகே மூச்சு மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து அவள் காதோரம், தனக்குத் தெரிந்த மெல்லிய குரலில், "அக்கா, நான் வந்துட்டேன்" என்றார்.

"மெதுவா பேசுங்க சார், பக்கத்துல பேஷன்ட் தூங்குறாங்க" என்றாள் நர்ஸ்.

அக்கா கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் மெஷினை நிறுத்தினார்கள். அவள் சொல்ல நினைத்தது திட்டோ, சமாதானமோ, யாருக்கும் தெரியாது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருந்தது. ஆனாலும் வண்டியை எடுத்ததுமே இன்ஜினைப் போட்டுவிட்டார்.

"சார்ஜ்தான் முழுசா இருக்கே, எதுக்குங்க இந்தச் சத்தம்?"

"ஓடட்டும்" என்றார்.

அதற்கப்புறம் வழியில் மனைவி சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை.