தொட்டில் இல்லாத அறை

எங்கள் பிரசவ வார்டில் ஆயா வேலை பார்த்தவரை ஐஸ் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எங்களிடம் வருவதற்கு முன் ஒன்பது வருடம் மீன் பதப்படுத்தும் கம்பெனியில் இருந்தவர். கணவர் வீட்டை விட்டுப் போன வருடம் அங்கே சேர்ந்தாராம். நாளெல்லாம் ஐஸுக்குள் கையை விட்டு இறால் உரித்தே இரண்டு மகன்களைப் படிக்க வைத்தார். விரல் மூட்டெல்லாம் வீங்கி அந்த வேலையை விட்டபோது, இனி ஐஸ் முகத்திலேயே முழிக்கக் கூடாது என்று நினைத்தாராம். விதி விட்டதா? நேராக எங்கள் ஃப்ரிட்ஜின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

பிரசவத்தில் தையல் போட்ட பெண்ணுக்கு முதல் நாள் அந்த இடம் வீங்கிக்கொண்டே வரும். உட்கார்ந்தால் உயிர் போகும். அதற்கு முதல் நாள் ஐஸ், மறுநாளிலிருந்து அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர். இதை நானும்தான் நர்ஸ் படிப்பில் படித்தேன். ஆனால் எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதெல்லாம் அக்காவுக்குத்தான் அத்துப்படி. தண்ணீரில் மணிக்கட்டை வைத்துப் பார்க்காமல் யாரையும் டப்பில் உட்கார விட மாட்டார். ஐஸைப் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கவும் விட மாட்டார். "மொதல்ல குத்தும், அப்புறம் எரியும், அப்புறம் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துடணும் சிஸ்டர், இல்லன்னா தோல் செத்துரும்" என்பார்.

ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, முடிச்சுப் போட்டு, உறைய வைத்து, சுத்தமான துணியில் சுற்றித் தட்டில் அடுக்கிக்கொண்டு வருவார். கை கொடுக்க ஆள் வந்தாச்சு என்று ஒவ்வொரு கட்டிலிலும் அதே ஜோக். தையல் இழுக்குது, சிரிக்க வைக்காதீங்க அக்கா என்று பெண்கள் கெஞ்சுவார்கள். பச்சை உடம்புக்குக் குளிர்ச்சியா, ஜன்னி வந்தால் யார் பார்ப்பது என்று மாமியார்கள் மல்லுக்கு நிற்பார்கள். அக்கா வாய் கொடுக்க மாட்டார். மருமகளின் முகம் தெளிவதைப் பார்த்துவிட்டு அடுத்த கையுறையைக் கேட்டு மாமியாரே வருவார்.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் வார்டில் எல்லாமே தொட்டிலை வைத்துத்தான். எட்டாம் தொட்டிலுக்குப் பால், மூன்றாம் தொட்டில் அம்மாவுக்கு மாத்திரை என்றுதான் பேசுவோம். ஐஸ் தட்டும் தொட்டில் வரிசையில்தான் போகும். ஒரு நாள் மாலை ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை. அவளுக்கு ஏழு தையல். மற்ற பிள்ளைகளின் அழுகை காதில் விழ வேண்டாமே என்று நான்தான் அவளைத் தாழ்வாரத்தின் கடைசி அறையில் படுக்க வைத்தேன். அங்கே தொட்டில் கிடையாது. டாக்டர் எழுதிய மாத்திரை போனது, ஐஸ் போகவில்லை. இரவு வேலை ஆயாவும் தட்டோடு தொட்டில் தொட்டிலாகப் போனாள். காலையில் ஐஸ் அக்காவும் அப்படியே போனார். யாருக்கும் உறைக்கவில்லை. இரக்கப்பட்டேனாம், பெரிய இரக்கம்!

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் கணவர் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையெழுத்துக் கேட்டு வந்தார். டைல்ஸ் ஒட்டுபவர், நகக்கண்ணில் சிமெண்ட் இருந்தது. இரண்டு மணிக்கு அடக்கம், தானும் அண்ணனும் மட்டும் போவதாகச் சொன்னார். அவளும் வருகிறேன் என்று அழுகிறாள், ஆனால் எழுந்து உட்காரவே முடியவில்லை என்றார். தையல் போட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். காலித் தட்டோடு பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், கடைசி ரூமுக்கு யாரு ஐஸ் குடுத்தது?"

அக்கா தட்டை மேஜையில் போட்ட வேகத்தில் இரண்டு குழந்தைகள் விழித்து அழுதன.

கடைசி அறையில் அவள் ஒருக்களித்துப் படுத்துக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. உள்ளே ரத்தம் கட்டவில்லை, தையலும் விடவில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். உட்கார முடிந்தால் இரண்டு மணி நேரம் போய்வரட்டும் என்றார். ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். பிள்ளை வைத்திருக்கிறவர்களை முதலில் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டாளாம். என்னை யாராவது ஓங்கி அறைந்தால் தேவலை போலிருந்தது.

"நேத்து முகத்த மட்டும் காட்டிட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரே ஒரு தடவ மடியில வச்சுக்கணும் அக்கா" என்றாள். "படுத்திருந்தா மடி இல்லையே."

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார். பத்து நிமிடம் ஐஸ், பிறகு எடுத்துவிட்டுக் காத்திருப்பு, மறுபடி ஐஸ். வார்டில் வேறு யார் கூப்பிட்டும் அசையவில்லை. ஒன்றரை மணிக்கு இரண்டு பேரும் கைத்தாங்கலாகப் பிடித்து அவளை எழுப்பினோம். ஒரு பக்கமாகச் சாய்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் காரை ஓட்டினார், கணவர் அவர் பக்கத்தில். பின்னால் அவளை நடுவில் வைத்து நானும் அக்காவும். வார்டை விட்டுப் போக நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. துணி சுற்றிய கையுறை ஒன்றை அவளுக்கு அடியில் வைத்துவிட்டு, அக்கா பிணவறையிலிருந்து வந்த குழந்தையை வாங்கி அவள் மடியில் கிடத்தினார். அவள் துணியை விலக்கிக் கன்னத்தைத் தொட்டாள். காலை வெளியே எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இந்த ஐஸ எடுத்துடுங்க."

"வலிக்கும் கண்ணு. இன்னும் பாதி வழிகூட வரல."

"வலிக்கட்டும். எம்புள்ள இப்படிச் சில்லுன்னு கிடக்குறா. எம்மடியாவது சூடா இருக்கணும்."

அக்கா என்னைப் பார்த்தார். கையுறையை மெதுவாக உருவித் தன் காலடியில் போட்டார். அடுத்த பள்ளத்திலேயே அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. ஆனாலும் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, குழந்தையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இடுகாடு வரும் வரைக்கும் அப்படியே இருந்தாள்.